நின்று நின்று ஏறிய சீர்

ரயில் வட்டவளைக்கு மேல் போகாது என்று ஒருவர் சிங்களத்தில் சொல்லிக்கொண்டே பெட்டி பெட்டியாக வந்தார். எனக்குச் சிங்களம் தெரியாது. ஆனால் எல்லோரும் ஒரே நேரத்தில் பெருமூச்சு விட்டுப் பைகளை இறக்கியதில் விஷயம் புரிந்துவிட்டது. எதிரே இருந்த சிங்களப் பெரியவர், கொழும்பிலிருந்து என்னோடு இறால் வடையைப் பங்கு போட்டுக்கொண்டு வந்தவர், மலை சரிவதைக் கையால் செய்து காட்டினார். மேலே தண்டவாளத்தில் மண் விழுந்திருந்தது.

நான் போக வேண்டியது கொட்டகலைக்கு. என் தங்கை பாக்கியத்தின் மகள் தர்ஷினிக்குக் கல்யாணம். எங்கள் அப்பா வழி ஆட்கள் தேயிலைத் தோட்டங்களிலிருந்து கப்பலேறித் திரும்பியவர்கள். துறையூரில் இன்றைக்கும் எங்கள் வீட்டுக்குச் சிலோன்காரர் வீடு என்றுதான் பெயர். அத்தை மட்டும் அங்கேயே இருந்துவிட்டார். அத்தை மகனுக்குப் பாக்கியத்தைக் கொடுத்தோம். சிலோன்காரர் வீட்டில் பிறந்த நான் சிலோனைப் பார்த்ததில்லை. ரேஷன் கடையில் அரிசி எடை போடுகிறவனுக்கு மண்ணச்சநல்லூரே தூரம். மகனுக்குப் பரீட்சை என்று என் மனைவியும் வரவில்லை. தாய் வீட்டுப் பக்கம் மொத்தமும் நான் ஒருவன்தான்.

ஸ்டேஷனிலிருந்து பஸ் நிற்கும் ரோட்டுக்கு ஏற்றம். பாதி வழியில் இடது கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. இந்தக் காலைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பயணம் முழுக்க அதுதான் எனக்குத் துணை.

பல வருஷம் பீடி குடித்ததில் தொடையில் ஓடுகிற பெரிய ரத்தக் குழாய் ஓரிடத்தில் அடைத்துவிட்டது. திருச்சியில் ஒரு பெண் டாக்டர், மகள் வயதுதான் இருக்கும், படம் பிடித்துப் பார்த்துவிட்டு பீடியை விடச் சொன்னார். பிறகு நடக்கச் சொன்னார். வலி வரும்வரை நட, தாங்க முடியாதபோது நில், வலி போனதும் மறுபடி நட. இதுதான் மருந்து. நடந்தால் கால் ரத்தம் கேட்கும். பெரிய வழி அடைத்திருப்பதால் ரத்தம் பக்கத்துச் சின்னக் குழாய்களில் பாய்ந்து போகும். அது வேகமாக உரசிக்கொண்டு போவதைக் குழாயின் உள்தோல் உணர்ந்துகொள்ளுமாம். உணர்ந்து, சுவரை உடைத்து உடைத்துக் கட்டி, குழாயை அகலமாக்கிக்கொள்ளுமாம். ரப்பர் மாதிரி ஒரு நேரம் விரிந்து ஒரு நேரம் சுருங்குவது இல்லை, புதுசாகவே கட்டிக்கொள்ளும், அதனால் மாசக்கணக்கில் ஆகும் என்றார். சும்மா உட்கார்ந்திருந்தால் என்று இழுத்தேன். ஓட்டம் குறைந்தால் குழாயும் அதற்குத் தக்கபடி குறுகிக்கொள்ளும் என்றார். சிலோன் போய்விட்டு வாருங்கள், வந்ததும் பார்த்துவிட்டு ஆபரேஷனா இல்லையா என்று முடிவு செய்வோம் என்று அனுப்பி வைத்தார்.

நடப்பது எனக்குக் கஷ்டமில்லை. நடுத்தெருவில் நிற்பதுதான் கஷ்டம். காரணமில்லாமல் நின்றால் நாலு பேர் பார்ப்பார்கள். அதனால் துறையூரில் சுவரொட்டிகளைப் படிப்பது போல் நிற்பேன். கண்ணீர் அஞ்சலி சுவரொட்டிகள் எல்லாம் எனக்கு மனப்பாடம். ஊரில் யார் செத்தாலும் பேரன் பேத்தி பெயர் வரைக்கும் சொல்வேன். இந்த ஆளுக்கு இதில் ஏதோ ருசி என்று ரேஷன் கடையில் பேச்சு.

வட்டவளை ஏற்றத்தில் படிக்கக் கிடைத்தது ஒரு சிங்களப் போர்டுதான். அதையே உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றேன். வடைப் பெரியவரும் என் பக்கத்தில் நின்று, போர்டைப் பார்த்து, என்னைப் பார்த்து, சிங்களத்தில் நீளமாக ஏதோ கேட்டார். பின்னால் வந்த பையன் தமிழில் சொன்னான்: உங்களுக்கு உர மூட்டை வேண்டுமா, அவருக்குத் தெரிந்த கடை இருக்கிறதாம்.

பஸ்ஸும் நேர் ரோட்டில் போகவில்லை. அங்கேயும் ஒரு வளைவில் மண். தோட்டத்துக்குள் புகுந்து போகும் சின்னப் பாதையில் திருப்பிவிட்டார்கள். பக்கத்தில் தொங்கிக்கொண்டு வந்த கண்டக்டர் தமிழர்.

"இது முந்தி கொழுந்து லொறி மட்டும் போற பாதைங்க" என்றார். "பெரிய ரோடு அடைச்சதுல இருந்து எல்லா வண்டியும் இதாலதான். ஓரத்த பாருங்க, எப்படி அகண்டு கெடக்குன்னு."

பார்த்தேன். சக்கரம் ஏறி ஏறிப் புல் செத்து, பாதையின் இரண்டு பக்கமும் செம்மண் விரிந்திருந்தது. ஒரு வளைவில் ஆட்கள் மண்மேட்டை வெட்டி, எதிர் வண்டி ஒதுங்க இடம் செய்து கல் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு அம்மா மேஜை போட்டு வடையும் பிளேன்டீயும் விற்றார். பிளேன்டீ என்றால் பாலில்லாத தேநீர். சீனியை உள்ளங்கையில் தருகிறார்கள், நக்கிக்கொண்டே குடிக்க வேண்டும். பெரிய ரோடு திறந்த பிறகு இந்தப் பாதை என்ன ஆகும் என்று கேட்டேன். "புல்லு மூடிருங்க" என்றார் கண்டக்டர்.

டாக்டரம்மா படம் போட்டுக் காட்டியும் என் மண்டையில் பாதிதான் ஏறியிருந்தது. மீதி அந்த பஸ் ஜன்னலில் ஏறிவிட்டது.

கொட்டகலையில் பாக்கியத்தின் புருஷன் ரத்னம் மச்சான் த்ரீவீலோடு நின்றார். நம் ஊர் ஆட்டோதான், சொந்த வண்டி. கண்ணாடியில் 'தாய் தந்தை துணை' என்று எழுதி, பூப்போட்ட குஷன் தைத்துப் போட்டிருந்தார். பாக்கியம் கொழுந்து பறிக்கிறாள், மச்சான் வண்டி ஓட்டுகிறார். லயம் என்கிற வரிசை வீடுகளில் அவர்கள் வீடு மலையின் மேல் வரிசையில். கீழே ரோட்டோரம் மாரியம்மன் கோயில். கோயிலிலிருந்து வீட்டுக்குப் படியும் ஒற்றையடிப் பாதையுமாக ஒரு வழி, வளைந்து வளைந்து போகும் வண்டிப் பாதை ஒன்று. மச்சானுக்கு முதல் வழி இருப்பதே மறந்து போயிருந்தது.

அடுத்த நாள் காலையில் இருட்டு விலகியதும், தேங்காய் ரொட்டியும் மிளகாய் இடித்த கட்டசம்பலும் தின்றுவிட்டு, யாருக்கும் தெரியாமல் நடக்கக் கிளம்பினேன். நாலு படி இறங்கியதும் பின்னால் த்ரீவீல் சத்தம் கேட்டது.

"எங்க மச்சான் போறீங்க?"

சும்மா கீழே வரை என்றேன்.

"நான் ஒருத்தன் வண்டிய வச்சிக்கிட்டு இருக்கப்ப நீங்க நடந்தா தோட்டத்துல என்னா பேசுவாங்க? ஏறுங்க."

ஏறினேன். கீழே வரை கொண்டுபோய்விட்டு, என்ன வேலை என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். மறுபடி மேலே கொண்டுவந்து விட்டார்.

மத்தியானம் அவர் சவாரி போன நேரம் பார்த்து இன்னொரு முறை முயன்றேன். ஒரு வளைவில் கால் பிடித்தது, நின்றேன். அங்கே சுவரும் இல்லை, சுவரொட்டியும் இல்லை. மலை முழுக்கத் தேயிலை, தேயிலை முழுக்கப் பெண்கள், அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். "இந்தியாக்காரரு ஏன் முழிச்சிக்கிட்டு நிக்கிறாரு?" என்று ஒரு குரல். "அவங்க ஊர்ல மலையே இல்லியாம், பார்த்துட்டுப் போகட்டும்" என்று இன்னொன்று. மூன்றாவதாக ஒரு அம்மா கூடையோடு இறங்கி ஓடினார். கொஞ்ச நேரத்தில் பக்கத்து லயத்திலிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலி தலைக்கு மேல் மிதந்து வந்தது. பின்னாலேயே பிளேன்டீ. மனசில்லாமல் நடுப்பாதையில் உட்கார்ந்து குடித்தேன். நல்ல மனுஷர்கள். அவர்களிடம் எப்படிச் சொல்வது, என் மருந்தைத் தட்டிப் பறிக்கிறீர்கள் என்று.

மூன்றாம் நாள் நுவரெலியாவுக்குப் பட்டுச்சேலை வாங்கப் போனோம். அங்கேதான் கொஞ்சம் மூச்சு விட்டேன். கடைவீதியில் நிற்பவனை யாரும் கேள்வி கேட்பதில்லை. லீக்ஸ் கட்டு, ஸ்வெட்டர், ஸ்ட்ராபெரி ஜாம் என்று எது முன்னால் வலி வந்ததோ அது முன்னால் நின்றேன். தர்ஷினி புத்திசாலிப் பெண், கொட்டகலைப் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறாள். ஒரு பூட்டுக் கடை முன்னால் நான் மெய்மறந்து நின்றபோது, "மாமா, ஒங்களுக்குப் பூட்டு அவ்வளவு புடிக்குமா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். ஒரு பூட்டு வாங்கிக் கொடுத்துவிட்டாள். இப்போது அது எங்கள் வீட்டு மாடிக் கதவில் இருக்கிறது.

திரும்பி வந்த சாயங்காலம்தான் விஷயம் கனமானது. கல்யாணத்துக்கு முந்தின நாள், அதாவது மறுநாள் பிற்பகல், தாய்மாமன் சீர் வர வேண்டும். மாரியம்மன் கோயிலில் தட்டை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு, தப்பு செட்டு அடித்துக்கொண்டு முன்னால் போக, மாமன் நடந்தே வீட்டுக்கு ஏறி வருவது அந்தத் தோட்டத்து வழக்கம். மாப்பிள்ளை வீட்டார் முன்னதாகவே வந்து வாசலில் காத்திருப்பார்கள். நாற்காலிக் கதை அதற்குள் ஐந்து லயமும் சுற்றியிருந்தது. மச்சான் என் கையாலாகாத்தனத்தைப் பார்த்து ஒரு ஏற்பாடு செய்திருந்தார். த்ரீவீலுக்குப் பூ கட்டி, நான் தட்டோடு உள்ளே உட்கார்ந்து வருவது. அதை எனக்குப் பெரிய மரியாதை செய்வது போலச் சொன்னார். எனக்கும் உள்ளுக்குள் நிம்மதிதான். தலையில் தட்டோடு, இரு வீட்டு ஜனமும் பார்க்க நடுப்படியில் நின்றுவிட்டால் என்ன செய்வது?

 பாக்கியம் பின்பக்கம் போய்த் தேங்காய் துருவ உட்கார்ந்தாள். துருவுகிற சத்தம் தேவைக்கு அதிகமாகக் கேட்டது. நானும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"வண்டில கேஸ் சிலிண்டர் வருதுண்ணே. சீக்காளி வருது. சீரு வண்டில வந்து நான் பார்த்ததில்ல" என்றாள், தேங்காயைப் பார்த்துக்கொண்டே. "நான் வந்த நாள்ல இருந்து எத்தன பொண்ணுங்களுக்கு மாமன் ஏறி வந்தத வாசல்ல நின்னு பார்த்திருப்பேன். என் தாய் வீட்டுக் காலு இந்தப் படில ஒரு நாளும் பட்டதில்ல. நாளைக்காவது படும்னு நெனச்சேன்."

எனக்குப் பேச்சு வராது. அன்றைக்கு வந்தது. பீடி, அடைப்பு, டாக்டர், நிற்பது, சுவரொட்டி, பூட்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். துருவுவதை நிறுத்திக் கேட்டாள். அழுவாள் என்று நினைத்தேன். பூட்டுக்குச் சிரித்தாள்.

"அப்ப நிக்கிறதுதான் மருந்தா?"

நடப்பதுதான் மருந்து, நிற்பது பத்தியம் என்றேன்.

"எவ்வளவு தூரத்துல புடிக்கும்?"

ஏற்றத்தில் நடந்து பார்த்ததில்லையே, நடக்க விட்டால்தானே தெரியும் என்றேன்.

விடிந்ததும், பெரட்டுக்கு, அதாவது வேலைக்குப் பெயர் கொடுக்கிற இடத்துக்கு ஆட்கள் போகும் முன்பே, என்னைக் கீழே கோயிலுக்குக் கூட்டிப் போனாள். மச்சானின் வண்டிச் சாவி அவள் முந்தானையில் இருந்தது. அங்கிருந்து மேலே நடந்தோம். தலையில் ஒரு மூட்டை மாவை வைத்துவிட்டாள், தட்டுக்குப் பதிலாக. பிடித்த இடத்தில் சொன்னேன். முதல் லயத்து முனை. நின்றோம், விட்டது, நடந்தோம். பிறகு பால் எடுக்கும் கொட்டகை. பிறகு தண்ணீர்ப் பைப். கடைசியாகப் படிக்கட்டுக்குக் கீழே கொய்யா மரம். நான் நிற்கும்போதெல்லாம் அவளும் நின்றாள். ஒன்றும் பேசாமல் பக்கத்தில் ஒருத்தர் நின்றால் நிற்பது அவ்வளவு சுலபமாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. தூரத்தில் பனி விலகி ரயில் பாதை தெரிந்தது. அதன் மேல் இன்னும் ஆட்கள் மண் அள்ளிக்கொண்டிருந்தார்கள்.

தப்பு செட்டுக்குத் தலைவர் சிவலிங்கம். எலும்பும் தோலுமாக ஒரு மனுஷர், சிரித்தால் முகம் முழுக்கப் பல். பாக்கியம் அவரைக் கூப்பிட்டு விவரம் சொன்னாள். நான் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். அவருக்கு இதில் அதிசயம் ஒன்றுமில்லை. ஒவ்வொரு லயத்து முனையிலும் நின்று ஒரு சுற்று அடிப்பதும், வீட்டு ஆட்கள் ஆரத்தியோடு வருவதும் வழக்கம்தான் என்றார். பால் கொட்டகையிலும் பைப்பிலும் கொய்யா மரத்திலும் கூட நிற்க வேண்டும், அவ்வளவுதானே. "அய்யா கால நான் பார்த்துக்கிறேன். நீங்க ரெண்டு பாட்டில மட்டும் மறந்துராதீங்க" என்றார்.

பிற்பகல் வெயிலும் மழையும் மாறி மாறி அடித்தது. தட்டில் சேலை, பழம், வெற்றிலை, வளையல், ஒரு ஜோடிக் கம்மல். தூக்கித் தலையில் வைத்தார்கள். மச்சான் கடைசி வரை பூக்கட்டிய த்ரீவீலை வழியோரம் தயாராக வைத்துக்கொண்டு, "எதுக்கும் இருக்கட்டும்" என்று கெஞ்சினார். தப்பு எழும்பியது. அந்தச் சத்தத்தில் கூச்சப்பட நேரமில்லை. முதல் லயத்து முனையில் வலி வந்தது, சிவலிங்கம் கையைத் தூக்கினார், ஊர்வலம் நின்றது. ஆரத்தி வந்தது. வலி போனது. பால் கொட்டகையிலும் அப்படியே. எனக்கு ஒரு தெம்பு வந்துவிட்டது.

அங்கேதான் சிவலிங்கத்துக்கும் வந்துவிட்டது. இரண்டு பாட்டிலில் ஒன்றை அவர் முன்கூட்டியே முடித்திருந்தார் என்று பிறகு தெரிந்தது. அடியை மாற்றினார், பிள்ளைகள் ஆட ஆரம்பித்தார்கள், அவரும் சுழன்று சுழன்று ஆடிக்கொண்டே தண்ணீர்ப் பைப்பைத் தாண்டிப் போய்விட்டார். கூட்டமும் அவர் பின்னால் போய்விட்டது. என் கால் போகவில்லை. கெண்டைக்காலுக்குள் யாரோ துணி பிழிவது போல் பிழிந்தது. நின்றுவிட்டேன். தலையில் தட்டு, பக்கத்தில் சொட்டும் பைப், முன்னால் காலிப் பாதை. மேலே வாசலில் மாப்பிள்ளை வீட்டார் அத்தனை பேரும் எட்டிப் பார்ப்பது தெரிந்தது.

தப்பு ஒவ்வொன்றாக நின்றது. அந்த அமைதியில் மாப்பிள்ளையின் பெரியம்மா, வட்டவளைக்காரர், குரல் கணீரென்று இருக்கும், யாரிடமோ கேட்டார்: "ஏன் மாமன் அங்கனயே நின்னுட்டாரு? என்னா கொறை வச்சோம்?"

பாக்கியம் வாசலிலிருந்து ஒரு படி இறங்கினாள். அவள் முகம் எனக்குத் தெரியவில்லை, குரல் மட்டும் கேட்டது. கொஞ்சம்கூட நடுங்கவில்லை.

"எங்க ஊர்ல அப்படித்தாங்க. மாப்ள வீட்டுல இருந்து வந்து கூப்பிட்டாத்தான் மாமன் மேல ஏறுவாரு."

எங்கள் ஊரில் அப்படி எதுவும் கிடையாது. எங்கள் ஊரில் மாமன்கள் பைக்கில் வருகிறார்கள்.

பெரியம்மா பதறிப் போனார். தெரியாமல் போச்சே, முதலிலேயே சொல்லக் கூடாதா என்று பாக்கியத்தைத் திட்டிக்கொண்டே பன்னீர்ச் செம்போடு படியிறங்கினார். பின்னாலேயே மாப்பிள்ளையின் அப்பா, சித்தப்பா, இரண்டு அத்தைகள். பெரியம்மாவுக்கு மூட்டு வலி போலிருக்கிறது, படிக்குப் படி நின்றுதான் வந்தார். அவர் வந்து சேர்வதற்குள் என் வலி சுத்தமாகப் போயிருந்தது. பன்னீர் தெளித்து, "கோவிச்சுக்காம வாங்க சம்பந்தி" என்றார். நான் பெரிய மனது பண்ணுவது போல் தலையாட்டினேன். தட்டு ஆடாமல் தலையாட்டுவது சுலபமில்லை.

கொய்யா மரத்தில் சிவலிங்கம் வெட்கத்தோடு தானாகவே நின்றார். பெரியம்மாவுக்கும் எனக்கும் அந்த நிற்பு தேவையாகத்தான் இருந்தது. பிறகு படிக்கட்டு. வாசலில் பாக்கியம் சொம்புத் தண்ணீரோடு நின்றாள். என் காலில் ஊற்றினாள். இரண்டு காலிலும் ஊற்ற வேண்டும், ஆனால் இடது காலில் ரொம்ப நேரம் ஊற்றினாள்.

கல்யாணம் நன்றாக நடந்தது. கிளம்புகிற அன்று ஸ்டேஷனுக்கு நடந்தே போகிறேன் என்றேன். மச்சானுக்கு இப்போது விஷயம் தெரியும். ஆனாலும் மனசு கேட்கவில்லை. என் பையை மட்டும் த்ரீவீலில் வைத்துக்கொண்டு, நடக்கிற வேகத்தில் என் பின்னாலேயே ஓட்டி வந்தார். நான் நின்றால் வண்டியும் நிற்கும். பின்னால் வந்த லொறிக்காரர் சிங்களத்தில் ஏதோ கத்தினார். என்ன சொல்கிறார் என்று கேட்டேன். "வண்டி ரிப்பேரா, ஆளு ரிப்பேரான்னு கேக்குறான்" என்றார் மச்சான்.

பெரிய ரோடு திறந்துவிட்டது, ரயிலும் ஓடியது. திருச்சியில் டாக்டரம்மா என் கணுக்காலிலும் கையிலும் பட்டை சுற்றி அழுத்தம் பார்த்தார். எவ்வளவு தூரம் நடக்க முடிகிறது என்று கேட்டார். மாரியம்மன் கோயிலிலிருந்து முதல் லயத்து முனை வரை, தலையில் தட்டோடு, என்றேன். அவருக்குப் புரியவில்லை, ஆனால் எழுதிக்கொண்டார். ஆபரேஷன் இப்போதைக்கு வேண்டாம், பக்க வழி திறந்துகொண்டு வருகிறது, நடப்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள் என்றார்.

போன வாரம் பாக்கியம் போன் செய்தாள். கீழ் லயத்தில் ஒரு கல்யாணமாம். மாமன் அட்டனிலிருந்து வந்தவர், வாலிபர், கல்லைப் போல் கால். பாதிப் பாதையில் தண்ணீர்ப் பைப் பக்கத்தில் வந்ததும் தட்டோடு நின்றுவிட்டாராம். மாப்பிள்ளை வீட்டார் இறங்கி வந்து பன்னீர் தெளித்துக் கூப்பிட்ட பிறகுதான் மேலே ஏறினாராம்.

"இனிமே எல்லாரும் அங்கனதான் நிப்பாங்களாம்ணே" என்றாள். "பைப்ப சுத்தி சிமெந்து போடப் போறாங்க, எடம் பத்தலன்னு."